உப்புக் காற்றில் உதிரும் கோடிகள்: கடலோரக் கட்டுமானக் கணக்கு எப்போது மாறும்?

புது தில்லி: ஸ்ரீஹரிகோட்டாவில் மூன்றாவது ராக்கெட் ஏவுதளம் அமைக்க ரூ. 3,984.86 கோடி மதிப்பிலான திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜனவரி 16-இல் ஒப்புதல் அளித்தது. அடுத்த தலைமுறை ராக்கெட்டுகளையும், வருங்காலத்தில் மனிதரை விண்ணுக்கு அனுப்பும் பயணங்களையும் கருத்தில் கொண்டு, நான்கு ஆண்டுகளில் இதைக் கட்டி முடிப்பது இலக்கு. ராக்கெட்டின் எடை, நிலவுப் பயணம், உலக நாடுகளின் போட்டி ஆகியவை பற்றித் தலைநகரில் நிறையவே பேசப்பட்டது. அந்த ராக்கெட்டைத் தாங்கி நிற்கப்போகும் கான்கிரீட் பற்றிய பேச்சு பெரிதாக எழவில்லை.

பேச வேண்டிய காரணம் இருக்கிறது. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் பழவேற்காடு ஏரி. இடையே நீண்டு கிடக்கும் மணல் தீவு ஸ்ரீஹரிகோட்டா. ஆண்டு முழுவதும் உப்புக் காற்று வீசும் இந்த மண்ணில் எழுப்பப்படும் ஒவ்வொரு தூணும், கட்டி முடித்த நாளிலிருந்தே அரிப்புடன் போராடத் தொடங்குகிறது. அந்தப் போராட்டத்தில் வெல்லும் கான்கிரீட்டை, சுற்றுச்சூழலுக்குக் குறைந்த கேட்டுடன் தயாரிக்க முடியுமா என்பது ஏவுதளத்தின் கேள்வி மட்டும் அல்ல. துறைமுகம், மீன்பிடி இறங்குதளம், புயல் பாதுகாப்புக் கூடம், மீனவர் வீடு என அரசுப் பணத்தில் கடலோரத்தில் எழும் எல்லாவற்றுக்கும் உரிய கேள்வி அது.

கடல் வந்த மாவட்டம்

பழைய சித்தூர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைக் கொண்டு 1911-இல் உருவாக்கப்பட்ட அது, மலைகளும் ஏரிகளும் வறண்ட ஆறுகளும் கொண்ட உள்நாட்டு மாவட்டம். வடக்கெல்லைப் போராட்டத்தையும், படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழகத்துடன் இணைந்ததையும் அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த மண் புதியதல்ல.

2022 ஏப்ரல் 4-இல் ஆந்திர அரசு மாவட்டங்களை மறுசீரமைத்தபோது, திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய மாவட்டம் பிறந்தது. சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியுடன், அதுவரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூளூர்பேட்டை உள்ளிட்ட பகுதிகளும் சேர்க்கப்பட்டன. திருமலைக் கோயிலும், ஸ்ரீஹரிகோட்டாவும், பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும் ஒரே மாவட்ட ஆட்சியரின் எல்லைக்குள் வந்தன.

வரைபடம் ஓர் அரசாணையில் மாறிவிடும். கட்டுமானப் பழக்கம் அவ்வாறு மாறாது. திருப்பதி நகரில் ஐம்பது ஆண்டுகள் தாங்கும் கலவை, நூறு கிலோமீட்டருக்குள் உள்ள கடற்கரையில் பதினைந்து ஆண்டுகளில் பல்லிளிக்கக்கூடும். ஒரே மாவட்டம், ஒரே விலைப்பட்டியல், ஒரே ஒப்பந்ததாரர் என்பதற்காக ஒரே கான்கிரீட் போதும் என்று இருந்துவிட முடியாது.

துரு பிடிப்பது எப்படி?

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அதற்காகவே உள்ளே இரும்புக் கம்பி வைக்கப்படுகிறது. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை மிக அதிகம், அதன் பி.எச். அளவு 12.5-க்கு மேல் இருக்கும். இந்தக் காரச் சூழலில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, துரு ஏறாமல் காக்கிறது. அந்தப் படலம் இருக்கும் வரை கட்டடத்துக்கு ஆபத்து இல்லை.

கடல் காற்றிலும் கடல் நீரிலும் உள்ள குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே நகர்கிறது. கம்பியைத் தொட்டு, அங்கே ஓர் அளவுக்கு மேல் சேர்ந்ததும் காப்புப் படலத்தை உடைக்கிறது. அதன் பிறகு ஈரமும் ஆக்ஸிஜனும் சேர்ந்து துருவை வளர்க்கின்றன. துருவின் பருமன், அது உண்டாகக் காரணமான இரும்பைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இருக்கும். உள்ளிருந்து எழும் இந்த அழுத்தத்தில் கான்கிரீட் விரிசல் விட்டு, பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. கடலோரப் பள்ளிகளின் கூரையில் கம்பி வெளியே தெரிய நிற்கும் காட்சி இவ்வாறு உருவாவதே.

கடலுக்கு அடியில் எப்போதும் மூழ்கிக் கிடக்கும் பகுதியைவிட, அலை வந்து வந்து போகும் பகுதியே அதிகம் பாதிக்கப்படுகிறது. நனைவதும் காய்வதும் மாறி மாறி நிகழும்போது உப்பு மேலும் மேலும் சேர்கிறது. ஆக்ஸிஜனும் தாராளமாகக் கிடைக்கிறது. ஏவுதளத்துக்கோ கூடுதலாக ஒரு சோதனை உண்டு. திட எரிபொருள் ராக்கெட்டுகளின் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு கலந்திருக்கிறது. கடல் தரும் குளோரைடுடன், ராக்கெட் உமிழும் அமிலத்தையும் கடும் வெப்பத்தையும் அந்தத் தளம் தாங்கியாக வேண்டும்.

விதி இருக்கிறது

இதற்கெல்லாம் விதி இல்லையா என்றால், இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 456 தரநிலை, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, கான்கிரீட் எதிர்கொள்ளும் சூழலை மிதமானது தொடங்கி மிகத் தீவிரமானது வரை ஐந்து வகையாகப் பிரித்தது. சாதாரண உள்நாட்டுச் சூழலில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்-20 தரமும் கம்பியின் மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் போதும். கடலோரச் சூழலுக்கு எம்-30 தரமும் 45 மில்லிமீட்டர் மூடலும் வேண்டும். கடல் நீர் தெறிக்கும் இடத்தில் இது எம்-35, 50 மில்லிமீட்டர் என உயர்கிறது. அலை ஏறி இறங்கும் பகுதியில் எம்-40 தரமும் 75 மில்லிமீட்டர் மூடலும் தேவை. சிமென்ட் எடைக்கு எவ்வளவு தண்ணீர் சேர்க்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. சாதாரணச் சூழலில் 0.55 வரை அனுமதிக்கப்படும் இந்த விகிதம், மிகத் தீவிரச் சூழலில் 0.40-ஐத் தாண்டக் கூடாது.

கம்பியின் மேல் உள்ள கான்கிரீட் மூடலைப் பற்றி ஓர் எளிய கணக்கைச் சொல்லலாம். உப்பு உள்ளே ஊடுருவ எடுக்கும் காலம், ஏறத்தாழ மூடலின் தடிமனின் இருமடிக்கு ஏற்ப நீள்கிறது. மூடல் 25 மில்லிமீட்டராக இருந்தால் பத்து ஆண்டுகளில் கம்பியை எட்டும் உப்பு, 50 மில்லிமீட்டராக இருந்தால் எட்டுவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகும். வேலைத்தளத்தில் இதைத் தீர்மானிப்பது சில ரூபாய் மதிப்புள்ள 'கவர் பிளாக்'. அதை வைக்காமல், ஜல்லித் துண்டைக் கம்பிக்கு அடியில் சொருகிவிட்டு கான்கிரீட் கொட்டும் இடங்களில், அந்த முப்பது ஆண்டுகள் ஒரே காலைப் பொழுதில் பறிபோகின்றன.

தண்ணீரும் அப்படித்தான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கடல் நீரில் அது சுமார் 19,000 மில்லிகிராம். ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கு 180 லிட்டர் கடல் நீரைச் சேர்த்தால், மூன்று கிலோவுக்கும் அதிகமான குளோரைடு உள்ளே போய்விடும். கம்பி போட்ட கான்கிரீட்டில் எல்லாப் பொருள்களும் சேர்ந்து அனுமதிக்கப்படும் அளவோ கனமீட்டருக்கு 0.6 கிலோ மட்டுமே. நன்னீர் கிணறுகள் உவராகிவிட்ட கடலோரக் கிராமங்களில், வெளியிலிருந்து உப்பு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கலவையிலேயே அது கலந்துவிடுகிறது.

ஏவுதளமும் மீனவர் வீடும்

ஸ்ரீஹரிகோட்டா தீவில் 1971 அக்டோபரில் சிறிய ரோகிணி ராக்கெட்டுடன் தொடங்கிய ஏவுதல் பணி, இன்று நாட்டின் பெருமையாக வளர்ந்துள்ளது. இரண்டாவது ஏவுதளம் 2005-இல் பயன்பாட்டுக்கு வந்தது. விண்வெளித் துறைக்குச் சொந்தப் பொறியாளர்கள் உண்டு, பரிசோதனை வசதி உண்டு, பராமரிப்புக்கு நிதி உண்டு. அங்கே விதி காகிதத்தோடு நிற்பதில்லை.

அதே கரையில் உள்ள மீனவக் கிராமத்துக்கு இவற்றில் எதுவும் இல்லை. பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டபோது, சமவெளிப் பகுதிக்கு ரூ. 1.20 லட்சமும் மலை மற்றும் கடினமான பகுதிகளுக்கு ரூ. 1.30 லட்சமும் மத்திய அரசால் நிர்ணயிக்கப்பட்டன. மலைக்குக் கூடுதல் செலவாகும் என்பதை ஏற்ற இந்தப் பட்டியலில், உப்புக் காற்று வீசும் கடலோரம் தனிப் பிரிவாக இடம்பெறவில்லை. 45 மில்லிமீட்டர் மூடலும் எம்-30 கான்கிரீட்டும் வேண்டும் என்று ஓர் அமைச்சகத்தின் கீழ் உள்ள அமைப்பு விதிக்கிறது. அதற்கான தொகையை மற்றோர் அமைச்சகத்தின் திட்டம் தருவதில்லை. இடையில் அகப்பட்டுக் கொள்பவர் வீட்டுக்காரர்.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்தில் கட்டித் தரப்பட்ட வீடுகளில் பல, இருபது ஆண்டுகளுக்குள்ளாகவே கூரை பெயர்ந்து, கம்பி துருப்பிடித்துக் காணப்படுவது தமிழ் வாசகர்கள் நன்கு அறிந்த செய்தி. கடல் அலையிலிருந்து காக்கக் கட்டிய வீடு, கடல் காற்றுக்குத் தாங்காமல் போவது எத்தகைய பாதுகாப்பு?

கோவா தந்த பாடம், பாம்பன் தந்த பாடம்

அலட்சியத்துக்கு நாடு ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. கோவா தலைநகர் பணஜியில் மாண்டவி ஆற்றின் மேல் கட்டப்பட்ட பாலம், இருபது ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில் 1986 ஜூலை 5-இல் இடிந்து விழுந்தது. உயிர்களும் பலியாயின. மும்பையையும் நவி மும்பையையும் இணைக்க 1973-இல் திறக்கப்பட்ட தாணே கழிமுகப் பாலத்திலும், முன்தகைவுக் கம்பிகளில் அரிப்பு கண்டறியப்பட்டது. அதன் அருகிலேயே மற்றொரு பாலம் கட்ட வேண்டியதாயிற்று. இரண்டுமே உப்பு நீர் ஏறி இறங்கும் கழிமுகங்களில் அமைந்தவை.

பாம்பன் வேறொரு கதையைச் சொல்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம், 1964 டிசம்பர் புயலில் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டும் சீரமைக்கப்பட்டு, இடைவிடாத பராமரிப்பால் நூறாண்டைக் கடந்தது. அரிப்பால் வலுவிழந்ததை அடுத்து 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், இரும்புப் பகுதிகளுக்குப் பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டதாக அரசு அறிவித்தது. கடலின் குணமறிந்து முதலிலேயே செலவிட வேண்டும் என்ற பாடம் அங்கே ஏற்கப்பட்டுவிட்டது.

ஆனால் எல்லாக் கட்டடத்துக்கும் துருப்பிடிக்காத எஃகு கட்டுப்படியாகாது. பூச்சு பூசிய கம்பியும் முழுத் தீர்வல்ல. அது வெயிலில் கிடந்து, தரையில் இழுபட்டு, வளைக்கும்போது கீறல் விழுந்தால், அந்தக் கீறலிலேயே அரிப்பு ஆழமாக இறங்கும். எனவே, பெரும்பாலான கட்டடங்களுக்குக் காவல் கான்கிரீட்டின் அடர்த்திதான்.

சாம்பலும் கசடும்

சுற்றுச்சூழல் நலனும் கட்டடத்தின் ஆயுளும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கடலோரத்தைப் பொருத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது.

உலகில் மனிதச் செயல்களால் வெளியாகும் கரியமில வாயுவில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு 'கிளிங்கர்' எடுக்கும்போது, எரிபொருளிலிருந்து வரும் வாயுவைவிட அந்தக் கல்லே பிரிந்து வெளியிடும் வாயு அதிகம். சூளையை எவ்வளவு சிக்கனமாக இயக்கினாலும் இந்தப் பகுதியைத் தவிர்க்க முடியாது. கிளிங்கரின் அளவைக் குறைப்பதே வழி.

அனல் மின் நிலையச் சாம்பலும், இரும்பு ஆலைகளின் ஊதுலைக் கசடும் அதற்கு உதவுகின்றன. இவை சிமென்டிலிருந்து வெளிப்படும் சுண்ணாம்புடன் வினைபுரிந்து, கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைக்கின்றன. உப்பு நுழையும் பாதை சுருங்குகிறது. கசடு கலந்த சிமென்ட், உள்ளே வந்த குளோரைடில் ஒரு பகுதியைக் கட்டிப் போடவும் செய்கிறது. இந்தியத் தரநிலைப்படி சாம்பல் சிமென்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பலும், கசடு சிமென்டில் 25 முதல் 70 சதவீதம் வரை கசடும் சேர்க்கலாம். கிளிங்கர் குறையக் குறைய வாயு குறைகிறது. அதே கலவை கடலுக்கு எதிராகக் கூடுதலாகவும் உழைக்கிறது.

நாட்டின் அனல் மின் நிலையங்களில் ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கு மேல் சாம்பல் சேருகிறது. நிலையங்களிலிருந்து 300 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நடக்கும் கட்டுமானங்களில் சாம்பல் சார்ந்த பொருள்களைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 டிசம்பர் 31-இல் வெளியிட்ட அறிவிக்கை கூறுகிறது. எண்ணூர், கிருஷ்ணபட்டினம், கடப்பை மாவட்ட ராயலசீமா அனல் மின் நிலையம் என மூன்று திசைகளிலும் சாம்பல் கிடைக்கும் இடத்தில் திருப்பதி இருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சாம்பல், கசடு கலந்த கான்கிரீட் மெதுவாக வலுப்பெறும். சாதாரண சிமென்டுக்கு ஏழு நாள்கள் தண்ணீர் ஊற்றி ஈரம் காத்தால் போதும் என்றால், கலப்புச் சிமென்டுக்குக் குறைந்தது பத்து நாள்கள் வேண்டும். வெப்பமும் வறட்சியும் மிகுந்த இடங்களில் பதினான்கு நாள்கள் வரை செல்ல வேண்டும் என்பது ஐ.எஸ். 456-இன் பரிந்துரை. சித்திரை வெயில் கொளுத்தும் திருப்பதி மாவட்டத்தில், குடிநீருக்கே லாரியை எதிர்பார்க்கும் ஊரில், பதினான்கு நாள்கள் யார் தண்ணீர் ஊற்றுவது? மூன்றாம் நாளே ஈரச் சாக்கை எடுத்துவிட்டால், கலப்புச் சிமென்ட் தன் பலனைத் தராது. பழி மட்டும் சாம்பலின் மேல் விழும்.

சுட்ட களிமண் சிமென்ட்

நிலக்கரி மின்சாரம் குறையும் காலத்தில் சாம்பலும் குறையும்; பழைய ஊதுலைகள் மூடப்பட்டால் கசடும் குறையும். அதற்கு மாற்றாகப் பேசப்படுவது 'எல்.சி.3' எனப்படும் சுண்ணாம்புக் கல் - சுட்ட களிமண் சிமென்ட். பாதியளவு கிளிங்கர், சுமார் 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் அரைத்த சுண்ணாம்புக் கல், மீதி ஜிப்சம் என்பது இதன் பொதுவான சேர்க்கை. களிமண்ணைச் சுட 700 முதல் 850 டிகிரி வெப்பமே போதும். சாதாரண சிமென்டுடன் ஒப்பிட்டால் கரியமில வாயு 30 முதல் 40 சதவீதம் வரை குறைகிறது.

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உள்ள தொழில்நுட்பக் கழகம் முன்னின்ற இந்த ஆய்வில், தில்லி, மதராஸ், மும்பை ஐ.ஐ.டி.க்கள் தொடக்கம் முதலே பங்கேற்றன. உத்தரப் பிரதேசத்தின் ஜான்சியில் இந்தச் சிமென்டைக் கொண்டு மாதிரி வீடு ஒன்றும் கட்டப்பட்டது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2023-இல் ஐ.எஸ். 18189 என்ற தரநிலையை வெளியிட்டதன் மூலம் இது சட்டப்படியான சிமென்ட் வகையானது. குளோரைடு ஊடுருவலைத் தடுப்பதில் இது சாதாரண சிமென்டைவிடப் பெரிதும் மேம்பட்டது என்பதை மதராஸ் ஐ.ஐ.டி. ஆய்வுகள் 2018-லேயே காட்டின. காற்றில் உள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்கும் வேகம் இதில் சற்று அதிகம் என்பது குறை. ஆகவே, கம்பியின் மேல் போதிய மூடலும் முறையான ஈரப் பராமரிப்பும் இதற்கும் கட்டாயம்.

சுண்ணாம்புக் கல்லும் சிமென்ட் ஆலைகளும் நிறைந்த கடப்பை மாவட்டம், திருப்பதிக்கு அடுத்த மாவட்டம்தான். தரநிலை வந்துவிட்டது, மூலப்பொருளுக்கும் தொலைவு இல்லை. அரசுத் துறைகளின் விலைப்பட்டியலில் இந்தச் சிமென்டுக்கு இடம் கிடைத்து, டெண்டரில் அது கேட்கப்பட்டால்தான் ஆலைகள் அதை உற்பத்தி செய்ய முன்வரும்.

மணல் கணக்கு

சிமென்டைப் பற்றிப் பேசிவிட்டு மணலை மறந்தால் கணக்கு முடியாது. பழைய சித்தூர் மாவட்டத்தின் மலைகளில் பிறக்கும் சுவர்ணமுகி, திருப்பதியையும் காளஹஸ்தியையும் கடந்து வங்கக் கடலைச் சேர்கிறது. ஆரணியாறு பிச்சாட்டூர் வழியே தமிழகத்துக்குள் நுழைந்து, ஊத்துக்கோட்டையைக் கடந்து பழவேற்காடு அருகே கடலை அடைகிறது. குசஸ்தலை ஆறும் அந்த மாவட்டத்திலிருந்தே தமிழகத்துக்கு வருகிறது. இரு மாநிலங்களுக்கும் இந்த ஆறுகள் தண்ணீரை மட்டும் தரவில்லை. கடற்கரைக்கு மணலையும் கொண்டு சேர்த்தன.

அந்த மணல் லாரியில் ஏறினால் கடற்கரைக்குப் போய்ச் சேராது. அணைகளும் மணல் அள்ளலும் வண்டல் வரத்தைக் குறைக்கும்போது, அலை எடுத்துச் செல்லும் மணலுக்கு ஈடு கிடைப்பதில்லை. நாட்டின் பிரதான நிலப்பரப்புக் கடற்கரையில் 33.6 சதவீதம் 1990 முதல் 2018 வரையிலான காலத்தில் அரிப்புக்கு உள்ளானதாகத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு தெரிவித்தது. மணல் அள்ளுவது மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. துறைமுகத் தடுப்புச் சுவர்களும் புயல்களும் உண்டு. ஆனால் கடலோரத்தைக் காக்கச் சுவர் கட்ட ஆற்று மணலை அள்ளி, அதனாலேயே கடல் மேலும் நெருங்கி வர, மீண்டும் சுவர் கட்டுவது என்பது முடிவில்லாத சுழல்.

சிறு கனிமங்களுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் உத்தரவிட்டது. மணல் அள்ளுவதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2016-லும் 2020-லும் வெளியிட்டது. 2024 ஜூலையில் ஆந்திர அரசு இலவச மணல் கொள்கையை அறிவித்தது. மணல் விலை குறைவது வீடு கட்டுவோருக்கு நன்மை. எனினும், ஆற்றுக்கும் கடற்கரைக்கும் ஏற்படும் இழப்பு எந்த விலைப்பட்டியலிலும் ஏறுவதில்லை.

மாற்று இல்லாமல் இல்லை. 2016-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383 தரநிலை, பாறையை உடைத்து எடுக்கும் எம்-சாண்ட், கசடு, இடிபாடுகளிலிருந்து பிரித்தெடுத்த ஜல்லி ஆகியவற்றை வரம்புகளுடன் அனுமதிக்கிறது. கிரானைட் குவாரிகளுக்குப் பெயர் பெற்ற சித்தூர் மாவட்டத்தில் பாறைக்கும் பாறைக் கழிவுக்கும் பஞ்சம் இல்லை. ஆனால் கல்தூளை அப்படியே எம்-சாண்ட் என்று விற்பதும் நடக்கிறது. முறையாக உடைத்து, அளவாகச் சலித்து, கழுவி எடுக்காத தூள், கலவையில் தண்ணீர்த் தேவையைக் கூட்டும். தண்ணீர் கூடினால் நுண்துளை கூடும்; நுண்துளை கூடினால் உப்புக்குக் கதவு திறக்கும்.

மலிவான டெண்டர், விலையுயர்ந்த பழுது

இத்தனையும் தெரிந்தும் ஏன் நடைமுறைக்கு வரவில்லை? விடை பெரும்பாலும் டெண்டரில் இருக்கிறது. குறைந்த விலை கேட்டவருக்கு வேலை என்பதே நெடுங்காலப் பழக்கம். ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலமோ பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள். மிஞ்சினால் ஐந்து ஆண்டுகள். கடலோரத்தில் துரு வெளியே தெரியப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஒப்பந்ததாரர் பணம் பெற்றிருப்பார், பொறியாளர் பணி மாறியிருப்பார், ஆட்சியும் மாறியிருக்கும். பழுது பார்க்கும் செலவு மட்டும் மாறாமல் மக்களின் தலையில் விழும்.

குறைந்த விலை ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளாமல், தரத்துக்கும் 30 சதவீதம் வரை மதிப்பெண் அளித்து ஒப்பந்தம் வழங்கலாம் என்று மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபர் 29-இல் வெளியிட்ட அறிவுறுத்தல் அனுமதிக்கிறது. கடலோரப் பணிகளைத் 'தரம் சார்ந்த கொள்முதல்' என்று வகைப்படுத்த இதைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். சிமென்ட் மீதான சரக்கு, சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த மிச்சத்தில் ஒரு பகுதியைக் கடலோரக் கட்டடங்களில் ஒரு படி உயர்ந்த தரத்துக்குத் திருப்பிவிட்டாலே, கூடுதல் செலவு என்ற வாதம் வலுவிழக்கும்.

ஆயுளும் ஒரு சுற்றுச்சூழல் கணக்குதான். இருபத்தைந்து ஆண்டுகளில் இடிக்க வேண்டிய கட்டடம் ஐம்பது ஆண்டுகள் நின்றால், அதே சிமென்டின் புகை இருமடங்கு காலத்துக்குப் பங்கிடப்படுகிறது. எந்தப் 'பசுமை' முத்திரையும் பெறாத 'கவர் பிளாக்' ஒன்று, அந்த வகையில் பெரிய சேவையே செய்கிறது.

ஆய்வகங்கள் அருகிலேயே

அறிவுக்கும் பஞ்சம் இல்லை. திருப்பதி ஐ.ஐ.டி. 2015-இல் தொடங்கப்பட்டு, ஏர்ப்பேடு அருகே வளாகம் கொண்டுள்ளது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் உள்ள சென்னையில் மதராஸ் ஐ.ஐ.டி.யும், தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும், பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் உள்ளன. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபம் கடற்கரையில் பல்லாண்டுகளாக அரிப்பு ஆய்வு நடத்தி வருகிறது. கம்பிகளுக்கான காப்புப் பூச்சையும் உருவாக்கியது. இவை அனைத்தும் மத்திய அரசின் நிதியில் நடப்பவை. இவற்றின் முடிவுகள், ஊராட்சி ஒன்றியத்தின் உதவிப் பொறியாளர் மேசைக்கும், சென்ட்ரிங் பலகை மேல் நிற்கும் கொத்தனாருக்கும் போய்ச் சேர்கின்றனவா என்பதே கேள்வி.

நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டியவை

கடலோர உறுப்பினர்கள், கட்சி வேறுபாடின்றி, அரசிடம் சில கேள்விகளை எழுப்பலாம். மத்திய நிதியில் கடலோரத்தில் எழும் கட்டடங்களில் ஐ.எஸ். 456-இன் கடலோர விதிகள் பின்பற்றப்பட்டனவா என்பதைச் சோதிக்கும் பொறுப்பு யாருடையது? கான்கிரீட்டின் அழுத்த வலிமையோடு, அது குளோரைடைத் தடுக்கும் திறனையும் சோதித்த பிறகே பணம் வழங்கப்படுமா? ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் கடலோரத்துக்குத் தனித் தொகை நிர்ணயிக்கப்படுமா? சாம்பல், கசடு, சுட்ட களிமண் சிமென்டுகளை அரசுத் துறைகள் எந்த அளவு பயன்படுத்துகின்றன என்ற விவரம் ஆண்டுதோறும் வெளியிடப்படுமா?

இந்தக் கேள்விகளில் தமிழகத்துக்கும் நேரடிப் பங்கு உண்டு. நாட்டின் இரண்டாவது ஏவுதள வளாகத்துக்கு, தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-இல் பிரதமர் அடிக்கல் நாட்டினார்; மதிப்பீடு ரூ. 986 கோடி. ஸ்ரீஹரிகோட்டாவில் வீசும் அதே உப்புக் காற்று அங்கும் வீசுகிறது. இரு ஏவுதளங்களும் நன்றாகவே கட்டப்படும் என்று நம்பலாம். தேசத்தின் கண் அவற்றின் மேல் இருக்கிறது. அவற்றைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களில் எழும் பள்ளிக்கும் வீட்டுக்கும் அந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலும் போதும். கடல் யாருடைய கட்டடம் என்று பார்த்து அரிப்பதில்லை. கட்டும் நாம்தான் அந்த வேறுபாட்டைப் பார்க்கிறோம்.